ஒன்றரை ஷிப்ட்டும் இரண்டு பதிவேடும்

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 34. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஆறு வருடமாக எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். ஆயுதபூஜை நெருங்கினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூஜை முடிந்ததும் பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். வாங்கினால் மனசாட்சி குத்துகிறது. வாங்காவிட்டால் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பொங்கல் கோலப் போட்டி, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எல்லாமே இப்படித்தான். அப்புறம், பையர் (துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) ஆடிட் வரும்போது ஓ.டி. (கூடுதல் நேர வேலை) இல்லாத மாதிரி வேறொரு அட்டெண்டன்ஸ் தயார் பண்ணச் சொல்கிறார்கள். ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று ஹாஸ்டல் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. அதுவும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி ஆடிட். சபையில் ஒரு மூப்பர், “உலகத்தோடு ஒட்டாதே, வேலையை விட்டுரு” என்கிறார். வீட்டுக்காரரோ, “ஊரே பண்ணுது, நமக்கு மட்டும் என்ன?” என்கிறார். வீட்டுக் கடன் ஓடுகிறது. தை மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஐந்து பவுன் சீர் செய்ய வேண்டும். உலகத்துக்குள் இருந்துகொண்டே விசுவாசியாக வாழ்வது எப்படி அக்கா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இங்கே நிறையச் சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் பொரிக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பதிவேட்டுக்கு நான்கே வரி, அதுவும் “அப்புறம்” என்று ஆரம்பித்து. நான் ஊழியக்காரி இல்லை. ஈரோட்டில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), சம்பளப் பதிவேடு என்று கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைப்பவள். அதனாலோ என்னவோ, என் கண் அந்த நான்கு வரியை விட்டு நகரவே இல்லை.

பொரியை முதலில் முடித்துவிடலாம். கொரிந்து சபைக்கும் இதே சிக்கல்தான் வந்தது. விக்கிரகத்துக்குப் படைத்த மாமிசம் கடையில் விற்கிறது, வாங்கலாமா கூடாதா என்று கேட்டார்கள். கடையில் விற்பதை வாங்கிச் சாப்பிடு, துருவித் துருவி விசாரிக்காதே. ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடு. இது படைத்தது என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் அவர் மனசாட்சிக்காகத் தவிர்த்துவிடு என்றார் பவுல். முதல் நிருபம் பத்தாம் அதிகாரத்தில் அது இருக்கிறது. அவருக்குக் கவலையெல்லாம் மாமிசத்தைப் பற்றி இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றித்தான். நீங்கள் பூஜையில் சேர்ந்து கும்பிட வேண்டியதில்லை. முந்தின நாள் மிஷின் துடைக்கும்போது எல்லோருடனும் சேர்ந்து துடைக்கலாம். பொரி வந்தால் மனம் ஒப்பினால் வாங்குங்கள், ஒப்பாவிட்டால் சிரித்த முகத்தோடு “வேண்டாங்க” என்று சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது. அதைச் சாட்சி சொல்லும் மேடையாக மட்டும் ஆக்காதீர்கள். கோலப் போட்டிக்கும் ஸ்வீட் பாக்ஸுக்கும் இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

நம் ஊர்ப் பழக்கவழக்கத்தை எல்லாம் “உலகம்” என்று ஒதுக்குவது நம் சபைகளில் எப்போது ஆரம்பித்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். இதே ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த பாப்லி ஐயர் கர்நாடக சங்கீதம் படித்தவர். வேதக் கதைகளைக் காலட்சேபமாகப் பாடியே ஊர் ஊராகச் சொன்னார். திருக்குறளை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனார். வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு நம் பாட்டும் குறளும் உலகமாகத் தெரியவில்லை. உலகத்திலுள்ளவை என்று யோவான் தன் முதல் நிருபத்தில் மூன்றைச் சொல்கிறார்: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. அதில் கோலத்தைக் காணோம். ஆனால் நம் சபை ஆட்கள் கொடுக்கும் வரன் விளம்பரங்களைப் பாருங்கள். “இரட்சிக்கப்பட்ட” என்று ஒரு வார்த்தை இருக்கும், பக்கத்திலேயே சாதிப் பெயரும் இருக்கும். அதை உலகம் என்று பிரசங்க பீடத்திலிருந்து யாரும் சொல்லக் காணோம். சரி, அது பெரிய கதை, இன்னொரு மாதம் பேசலாம்.

இனி அந்த நான்கு வரி.

ஒன்றரை ஷிப்ட் என்றால் என்ன என்று திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும். காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரைக்கு இறங்க வேண்டும். ஒரு ஷிப்ட் சம்பளம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை ஷிப்ட்டுக்கு 750 கொடுப்பார்கள். வாங்குகிறவர் கணக்கும் சரியாக இருப்பது போலத்தான் தெரியும், பாதி நேரம் கூடுதல், பாதிச் சம்பளம் கூடுதல். ஆனால் வாரம் 48 மணிக்கு மேல் வேலை வாங்கினால் அந்த நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. இடைவேளைகளைக் கழிக்காமல் அரை ஷிப்ட்டை நான்கு மணியாக எடுத்துக்கொண்டால், ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் 24 மணி நேரம் ஓ.டி. ஆகிறது. அதற்கு இரட்டை போட்டால் ஒரு நாளைக்கு 1,000 ரூபாய் வர வேண்டும். வாரத்துக்கு 6,000 வாங்க வேண்டிய பெண் 4,500 வாங்கிக்கொண்டு போகிறாள். பீஸ் ரேட்டில் (ஒரு துணிக்கு இவ்வளவு என்று கூலி) கணக்குப் போடும் விதம் வேறு. ஷிப்ட் சம்பளக்காரர்களுக்கு இதுதான் நிலைமை. மூன்று மாதத்துக்கு மொத்தமே 50 மணி நேரம்தான் ஓ.டி. என்று அதே சட்டம் ஒரு வரம்பும் வைத்தது. நம் ஊரில் சீசன் நேரத்தில் இரண்டே வாரத்தில் 48 மணி போய்விடும்.

ஆகவே இரண்டாவது பதிவேடு மறைப்பது வெறும் நேரத்தை இல்லை. அந்த 1,500 ரூபாயையும் சேர்த்துத்தான். “உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். அந்தக் கடிதம் போனது சபைக்குத்தான். உபாகமத்தில் இன்னும் நேராகவே இருக்கிறது: பையில் பெரிதும் சிறிதுமான இரண்டு வித நிறைகல் வைத்திருக்காதே என்று. தணிக்கைக்கு ஒன்று, சனிக்கிழமைப் பட்டுவாடாவுக்கு ஒன்று என்று இரண்டு அட்டெண்டன்ஸ் வைத்திருப்பது வேறென்ன?

என் தொழிலில் இதன் இன்னொரு முகத்தையும் பார்க்கிறேன். இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இரவு ஏழரை மணிக்கு ஒரு பெண்ணின் விரலில் ஊசி ஏறுகிறது, அல்லது கட்டிங் மிஷினில் கை மாட்டுகிறது. பதிவேட்டுப்படி அவள் ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விட்டாள். இப்போது இ.எஸ்.ஐ.க்கு விபத்து அறிக்கை எப்படி அனுப்புவது? ஒன்று, விபத்து நடந்த நேரத்தையும் பொய்யாக எழுத வேண்டும். இல்லையென்றால் அறிக்கையே அனுப்பாமல், பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இ.எஸ்.ஐ. கொடுக்கும் ஊன உதவித்தொகை சம்பளத்தில் 90 சதவீதம். நிரந்தர ஊனமென்றால் இழப்பின் அளவுக்குத் தக்கபடி வாழ்நாள் முழுக்க வரும் பணம் அது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு என்று 2010-இல் திருத்தம் வந்தது. ஐந்தரைக்கு வேலை முடித்ததாகப் பதிவாகியிருக்கும் பெண்ணை ஒன்பது மணிக்குப் பல்லடம் ரோட்டில் லாரி இடித்தால், அவள் வேலையிலிருந்துதான் திரும்பினாள் என்று யார் நிரூபிப்பது?   நீங்கள் ஆடிட்டுக்காகத் தயாரிக்கும் ஒரு தாள் இத்தனை தூரம் போகிறது.

அதைவிட என்னை உறுத்துவது ஹாஸ்டல் பெண்களுக்குப் பாடம் நடத்துவது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து, பாஷை தெரியாத ஊரில் உங்களை “அக்கா” என்று கூப்பிடுகிற பிள்ளைகள். அவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமை நம் சபைகளுக்கே வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து “உனக்கு என்ன குறை?” என்று கேட்கும் ஒரே நாளில், குறை இல்லை என்று சொல்லச் சொல்லி நீங்கள் பழக்குகிறீர்கள். பதிவேட்டில் நீங்கள் பொய் எழுதினால் அது உங்கள் பொய். இது அவர்கள் வாயிலிருந்தே அவர்களுக்கு எதிராக வரவழைக்கும் பொய். சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குவதைப் பற்றி இயேசு பேசியது மத்தேயு பதினெட்டில் இருக்கிறது. நீங்களே எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள், கழுத்தில் ஏந்திரக்கல்லைக் (மாவரைக்கும் கல்) கட்டுவதைப் பற்றி வரும் இடம்.

முதலாளிகள் பக்கமும் சொல்ல வேண்டும், அவர்களோடும்தான் நான் தினம் உட்கார்ந்திருக்கிறேன். நூல் விலை ஏறும், பையர் விலையை ஏற்ற மாட்டார். அளவுக்கும் கலருக்கும் ஒப்புதல் கொடுக்க இரண்டு வாரம் தாமதித்துவிட்டு, ஷிப்மெண்ட் தேதியை மட்டும் தள்ள மாட்டார். தேதி தவறினால் விமானத்தில் அனுப்பு, செலவு உன்னுடையது என்பார். அதே பையர்தான் ஓ.டி. கூடாது என்று ஆடிட்டும் அனுப்புகிறார். பாரிஸிலோ லண்டனிலோ கடையில் தொங்கும் சட்டையின் விலைச்சீட்டிலும் இந்த அநியாயத்தின் பங்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியது உங்கள் கைக்கு எட்டிய இடத்துக்குத்தான்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்ன “ஊரே பண்ணுது” என்பதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அது உண்மை, அதனால்தான் அதற்கு அவ்வளவு பலம். ஒரு காலத்தில் சாயக்கழிவை நொய்யல் ஆற்றில் விட்டதும் ஊரே செய்ததுதான். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நின்றது. கீழே சென்னிமலைப் பக்கமும் கரூர்ப் பக்கமும் நிலமும் கிணறும் கெட்டன. கழிவைச் சுத்தப்படுத்தினால் தொழிலே நடக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்ப் பல வருடம் நடந்து, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஊர் ஆடிப்போனது, நிறையப் பேர் வேலை இழந்தார்கள். அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடு வந்தது, தொழிலும் நடக்கிறது. அந்த வருடங்களில் பட்டறை வைத்திருந்தவர்களில் சபைக்குப் போகிறவர்களும் இருந்திருப்பார்கள். ஆற்றைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். பூ வைத்துக்கொண்டு வந்த பெண்ணிடம் மட்டும் கேட்டிருப்பார்கள்.

மூப்பர் சொன்ன “வேலையை விட்டுரு” என்பதற்கு வருகிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் யோர்தானில் ஞானஸ்நானம் பெற வந்த ஆயக்காரர் (வரி வசூலிப்பவர்கள்), “நாங்கள் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டபோது, ஆயத்துறையை விட்டுப் போ என்று யோவான்ஸ்நானகன் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகரிடமும் பட்டாளத்தை விடச் சொல்லாமல், யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதுமென்று இரு என்றார். ஒபதியா ஆகாப் ராஜாவின் அரண்மனையில் விசாரிப்புக்காரனாக இருந்ததால்தான் நூறு தீர்க்கதரிசிகளைக் கெபிகளில் ஒளித்து வைத்துக் காப்பாற்ற முடிந்தது. இயேசுவும் கடைசி ராத்திரி ஜெபத்தில், இவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளவில்லை என்றுதான் சொன்னார். நீங்கள் நாளைக்கே விட்டுவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்து அதே தாளை எழுதுவார். ஹாஸ்டல் பெண்களுக்கு ஒன்றும் மாறாது. மூப்பரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: நான் விட்டால் மூன்று மாதத் தவணைக்குச் சபை கை கொடுக்குமா? கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். கோபித்தாலும் பரவாயில்லை, கேட்க வேண்டிய கேள்விதான்.

விடாமல் இருந்து என்ன செய்வது? தானியேல் முதல் அதிகாரத்தை நாம் ஞாயிறு பள்ளியில் வீரக் கதையாகவே படித்துவிட்டோம். நிதானமாகப் படித்தால் அது ஓர் அலுவலகத்தில் நடக்கும் கதை. ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தீர்மானித்தவன் கூச்சல் போடவில்லை. முதலில் பிரதானிகளின் தலைவனிடம் போய் வேண்டிக்கொண்டான். அந்த ஆளுக்குத் தானியேல் மேல் பிரியம்தான், ஆனாலும் ராஜாவுக்குப் பயந்தான். தானியேல் அதோடு விடாமல், நேரடியாகத் தங்களைக் கவனித்த விசாரிப்புக்காரனிடம் போனான். “பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துப் பாரும், அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்து நீரே முடிவு பண்ணும்” என்றான். மறுப்பையும் சொன்னான், மாற்றையும் கையில் கொண்டுபோனான், சோதித்துப் பார்க்க ஒரு கெடுவும் கொடுத்தான். அந்த விசாரிப்புக்காரனின் தலை போகாமல் பார்த்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

உங்கள் எம்.டி.யிடமும் இந்த வழியில் போங்கள். இரண்டு காரியத்துக்கு மட்டும் இப்போதே திட்டமாக முடியாது என்று சொல்லிவிடுங்கள்: இன்னொருவர் கையெழுத்தையோ வருகையையோ பொய்யாகப் போடுவது, பெண்களுக்குப் பொய் சொல்லிக்கொடுப்பது. பதிவேட்டுக்கு முதல் பொறுப்பு கம்பெனியை நடத்துகிறவரும் மேலாளரும்தான் என்று சட்டம் சொன்னாலும், போலி ஆவணம் தயாரித்த கை யாருடையதோ அதையும் விடாது. இதை அவருக்கும் நினைவுபடுத்தலாம். மற்ற எல்லாவற்றிலும் ஒத்துழைப்பேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி உழையுங்கள். மாற்றாக ஒரு கணக்குத் தாள் கொண்டுபோங்கள். ஒரே ஒரு லைனை (தையல் மிஷின் வரிசை) எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் உண்மையான நேரத்தைப் பதிந்து, ஓ.டி. நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் போட்டால் ஒரு பீஸுக்கு எத்தனை பைசா கூடுகிறது என்று போட்டுக் காட்டுங்கள். இரவு வேலை எங்கே எதனால் வருகிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் துணி டையிங்கிலிருந்து தாமதமாக வருவதும், அக்சஸரீஸ் (பட்டன், ஜிப், லேபிள்) வராமல் லைன் காத்திருப்பதும்தான் பாதிக் காரணமாக இருக்கும். பகலில் சும்மா உட்கார வைத்துவிட்டு ராத்திரியில் ஓட்டுவோம். அதைச் சரி செய்தாலே ஓ.டி. குறையும்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லலாம். பல பையர்களின் ஆடிட் விதிகளில் ஓ.டி. கூடுதலாக இருப்பது திருத்திக்கொள்ளக் கெடு கொடுக்கும் குறை. போலிப் பதிவேடு பிடிபடுவது அதைவிடப் பெரிய குற்றம், ஆர்டரே போகலாம். ஆடிட்டர்களும் சும்மா வருவதில்லை. அட்டெண்டன்ஸையும் அன்றைய உற்பத்திச் சீட்டையும் ஊசி மாற்றிய பதிவையும் கேட் பாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்தரைக்கு வீட்டுக்குப் போன டெய்லர் ஏழு மணிக்கு எப்படி உடைந்த ஊசியை மாற்றினார் என்று கேட்டால் அங்கே நிற்க வேண்டியது நீங்கள்தான். தெய்வ பயம் இல்லாதவரும் இந்தக் கணக்கைக் கேட்பார்.

அடுத்து ஐந்து பவுன். கடிதத்தில் கடைசி வரியாகத் தள்ளிவிட்டீர்கள், ஆனால் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நாத்தனார் மகள் என்றால் உங்கள் வீட்டுக்காரர் தாய்மாமன். கொங்கு நாட்டில் தாய்மாமன் சீர் என்றால் என்ன எதிர்பார்ப்பு என்று எனக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆன வீடுகளிலும் அது அப்படியே இருக்கிறது, மண்டபத்தில் தட்டு வரிசை வரிசையாக வரும்போது எத்தனை தட்டு என்று எண்ணும் கண்களும் அப்படியே இருக்கின்றன. ஐந்து பவுன் 40 கிராம். முழுக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் சம்பளத்தில் ஒரு வருட உழைப்பும் பத்தாது. அதற்காகச் சீட்டு எடுப்பீர்கள், நகைக் கடன் வைப்பீர்கள், மகளிர் குழுவில் வாங்குவீர்கள். அப்புறம் எம்.டி. அந்தத் தாளை நீட்டும்போது “முடியாதுங்க” என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? சீருக்காகச் சம்பளம், சம்பளத்துக்காகப் பதிவேடு என்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. எம்.டி. அறையில் மறுப்பதைவிட நாத்தனார் வீட்டில் மறுப்பதற்கு விலை குறைவு. அங்கே ஆரம்பியுங்கள்.

கல்யாண வாரத்தில் போய்க் கையை விரிக்காதீர்கள், அது அவர்களை அவமானப்படுத்துவது. இந்த மாதமே நீங்கள் இருவருமாகப் போய், வீட்டுக்காரரே வாயைத் திறந்து, “அக்கா, கடன் வாங்காமல் என்னால் இவ்வளவுதான் முடியும், ஒரு பவுன்” என்று சொல்லட்டும். எவ்வளவு முடியுமோ அதைச் சொல்லட்டும், சொன்னதைக் கட்டாயம் செய்யட்டும். மண்டப வேலை, பந்தி, வண்டி ஏற்பாடு என்று தாய்மாமனாக முன்னால் நின்று உழைக்கட்டும். பேச்சு வரும். இரண்டு வருடம் பேசாமலும் இருக்கலாம். அதை நான் மறைக்க மாட்டேன்.

வீட்டுக்காரரிடம் நீங்கள் இதை எப்படிப் பேசுகிறீர்கள் என்பதும் முக்கியம். “உங்களுக்கு விசுவாசம் இல்லை” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருக்கு இருப்பது பயம், அதுவும் நியாயமான பயம். இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் வரவு செலவு எழுதுங்கள். உங்கள் சம்பளம் இல்லாமல் அவர் சம்பளத்தில் வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகள் ஃபீஸ், மளிகை மூன்றும் எத்தனை மாதம் ஓடும் என்று பாருங்கள். ஆறு மாதத்துக்குக் கொண்டுவர எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று பாருங்கள். அந்த ஆறு மாதப் பணம் பாங்கில் இருந்தால் அவரே “போய்ச் சொல்லிட்டு வா” என்பார்.

எல்லாம் பேசியும், “கையெழுத்துப் போடு, இல்லையென்றால் போ” என்று எம்.டி. சொல்லிவிட்டால்? அப்போது போய்விடுங்கள். மூப்பர் சொன்னது அந்த இடத்தில் சரி. ஆனால் கோபத்தில் அடையாள அட்டையை மேசையில் எறிந்துவிட்டு வராதீர்கள். நியமன உத்தரவில் சொன்ன நோட்டீஸ் காலத்தைக் கொடுத்து, ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். ஐந்து வருடம் முடிந்திருப்பதால் உங்களுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, ராஜினாமா செய்தாலும் உண்டு. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் சட்டப்படி கணக்கில் சேரும் பகுதியை (முக்கியமாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) எடுத்து, 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். அது 18,000 ரூபாய் என்றால் ஆறு வருடத்துக்கு ஏறக்குறைய 62,300 வரும். பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் அடுத்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கணக்கு எண்ணை இப்போதே குறித்து வையுங்கள், ஆதாரில் இருக்கும் பெயரும் பி.எஃப். கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்றும் பார்த்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அங்கேதான் பணம் நிற்கிறது.

அடுத்த மாதம் ஆடிட்டர் உங்களிடமே நேராகக் கேட்டால் என்ன செய்வது என்று முழுக் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். பொய் சொல்லாதீர்கள். அதே நேரம், எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வேண்டிய கடமையும் அந்த நிமிடத்தில் உங்களுக்கு இல்லை. “நான் தயாரித்த ஆவணங்களுக்கு நான் பதில் சொல்கிறேன், மற்றதை மேலாளரிடம் கேளுங்கள்” என்று சொல்லலாம். அப்படிச் சொல்லும்படி நீங்கள் தயாரித்தவை சுத்தமாக இருக்க வேண்டும். அதனால்தான் எம்.டி.யிடம் பேசுவதை ஆடிட்டுக்கு முந்தின நாள் வரை தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

சனிக்கிழமையும் வேண்டாம். பட்டுவாடா நாளில் எந்த முதலாளிக்கும் காது கேட்காது. திங்கட்கிழமை லைன் ஓடுவதற்கே மத்தியானம் ஆகிவிடும். செவ்வாயோ புதனோ காலையில், அவர் ஒரு சுற்று சுற்றி வந்து டீ குடிக்கும் நேரத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். கணக்குத் தாளை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று அவரிடம் இருக்கட்டும். லைன் கணக்கைப் போடுவதில் சந்தேகம் வந்தால் எண்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள், கம்பெனி பெயர் வேண்டாம். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.